பற்றுக் கணக்கு

சொந்தமாகத் தொழில் நடத்துகிறவன் தன் அந்தரங்கமான ஈடுபாடுகளைத் தொழிலுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது வியாபாரிகளின் பழைய புத்திமதி. தான் நேசிப்பதையே தொழிலாகச் செய்கிறவன்தான் முழு மனிதன், மற்றவன் தன்னை இரண்டு கூறாக்கிக்கொண்டவன் என்பது எழுத்தாளர்கள் மத்தியில் செல்வாக்குப் பெற்ற நம்பிக்கை. ஒன்றுக்கொன்று எதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. முதலாவது, தொழில் நடத்துகிறவன் நஷ்டப்பட்டுவிடக் கூடாதே என்ற கவலையில் பிறந்தது. இரண்டாவது, அவன் மனம் குறுகிப்போய்விடக் கூடாதே என்ற கவலையில் பிறந்தது. இரண்டிலும் அவன் ஒருவன்தான் இருக்கிறான். அவனுக்குக் கடன் கொடுத்தவன், அவனிடம் கூலிக்கு வேலை செய்கிறவன், காகிதம் அனுப்பிவிட்டு மூன்று மாதம் பணத்துக்குக் காத்திருக்கிறவன் ஆகியோர் இந்த விவாதத்தில் தலைகாட்டுவதே இல்லை. அவர்களையும் சேர்த்துக்கொண்டு யோசித்தால் கேள்வி வேறு வடிவம் கொள்கிறது. ஈடுபாட்டைத் தொழிலில் கலக்கலாமா என்பதைவிட, அப்படிக் கலக்கும்போது செலவு யார் பேரில் எழுதப்படுகிறது என்பது முக்கியமாகிறது.

இந்த விஷயத்தில் சட்டமும் கணக்குப் பதிவும் இரு வேறு பார்வைகள் கொண்டிருப்பது கவனிக்கத் தக்கது. தனி ஒருவன் நடத்தும் கடைக்கு நம் சட்டத்தில் தனியாக உயிர் கிடையாது. கடையின் கடன் அவன் கடன். கல்லாவில் பணம் இல்லையென்றால் கடன் கொடுத்தவன் அவன் வீட்டு வாசலுக்கு வரலாம். சட்டத்துக்குக் கடையும் ஆளும் ஒன்று. லூக்கா பச்சோலி 1494இல் வெனிஸில் அச்சேற்றி விளக்கிய முறையின் வாரிசான இன்றைய இரட்டைப் பதிவுக் கணக்கோ இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. முதலாளி போட்ட முதல், கடை அவருக்குத் தரவேண்டிய பாக்கி. அதாவது, தன் கடைக்கே அவர் ஓர் அந்நியர். மளிகைக் கடைக்காரர் தன் கடையிலிருந்து வீட்டுக்கு ஒரு கிலோ துவரம்பருப்பு எடுத்துப் போனால், அது அவர் கடை, அவர் பருப்பு என்று விட்டுவிட முடியாது. எடுப்புகள் கணக்கில் அவர் பேரில் பற்று எழுதவேண்டும். எழுதாவிட்டால் கடை லாபத்தில் ஓடுகிறதா நஷ்டத்தில் ஓடுகிறதா என்பது அவருக்கே தெரியாமல் போகும்.

பற்று என்ற சொல்லைக் கொஞ்சம் யோசிக்கலாம். வரவுக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதுவதும் பற்று. விடமுடியாத ஆசைக்கும் நம் மொழியில் பற்று என்றுதான் பெயர். பற்றுதல் என்றால் பிடித்தல், எடுத்துக்கொள்ளுதல். எடுத்துக்கொள்ளத் தூண்டியதும் எடுத்துக்கொண்டதும் ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. பற்றை அறுக்கச் சொன்ன சமயவாதிகளும், பற்றை எழுதச் சொன்ன கணக்குப்பிள்ளைகளும் வேறு வேறு உலகத்தைச் சேர்ந்தவர்கள். அறுப்பது எல்லோருக்கும் சாத்தியமில்லை. கலைஞனுக்கு அது விரும்பத்தக்கதும் இல்லை. எழுதுவது எல்லோருக்கும் சாத்தியம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம் ஜனங்கள் சொல்வதும் இதைத்தான். தாய்க்கும் பிள்ளைக்கும் இடையில் பாசம் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. பாசம் இருக்கிற இடத்தில்தான் யாருடைய வயிறு காய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்ற எச்சரிக்கை அது.

வங்கியில் கடன் பிரிவில் உட்கார்ந்து சிறு நிறுவனங்களின் ஆண்டுக் கணக்குகளைப் புரட்டுகிறவனுக்கு ஒன்று சீக்கிரமே பிடிபட்டுவிடும். ஈடுபாடுகள் அங்கே சொந்தப் பெயரில் வருவதில்லை. விளம்பரம், பிரயாணம், இதர செலவுகள் என்று மாறுவேஷத்தில் வருகின்றன. முதலாளியின் நாடக ஆசை, கோயில் திருப்பணி, தன் கவிதைகளைத் தானே அச்சிட்டுக்கொண்ட செலவு எல்லாம் அந்தத் தலைப்புகளின் கீழ் ஒண்டிக்கொண்டிருக்கும். அவர்களில் பெரும்பாலோர் பிறரை ஏமாற்ற நினைத்தவர்கள் அல்ல. தன் ஆசைக்கு என்ன விலை என்று தெரிந்துகொள்ளப் பயந்தவர்கள். ஆனால் மறைப்பு தனக்காகத் தொடங்கினாலும் அதன் பாரம் கடைசியில் பிறர் தலையில்தான் இறங்குகிறது.

ஆங்கில இலக்கியத்தில் இதற்குப் பெரிய உதாரணம் ஸர் வால்டர் ஸ்காட். 1805இல் தன் பள்ளித் தோழர் ஜேம்ஸ் பாலன்டைனின் அச்சகத்தில் அவர் பங்குதாரர் ஆனார். வக்கீலாகவும் நீதித்துறைப் பதவியிலும் இருந்த ஒருவருக்கு அச்சுத் தொழில் கௌரவமாகக் கருதப்படாத காலம். பங்கு ரகசியமாக வைக்கப்பட்டது. 1809இல் ஜேம்ஸின் தம்பி ஜான் பேரில் ஒரு பதிப்பகம் தொடங்கப்பட்டபோது அதிலும் ஸ்காட் மறைவில் இருந்தார். அந்தப் பதிப்பகம் வெளியிட்டவற்றில் பல, ஸ்காட்டின் சொந்த மோகத்துக்கு உகந்த பழமை ஆராய்ச்சி நூல்கள், பழைய நூல்களின் மறுபதிப்புகள். அவை விற்காமல் கட்டுக்கட்டாகத் தேங்கின. 1814இல் ‘வேவர்லி’ வந்தபோது நாவலாசிரியர் பெயரும் ரகசியமாயிற்று. 1827இல்தான் அவர் அதைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். ஆக, எழுதியவர், அச்சடித்த அச்சகத்தின் கூட்டாளி, சிலபோது வெளியிட்டவர் எல்லாமே ஒருவர்தான். எந்தக் கதவிலும் அவர் பெயர்ப்பலகை இல்லை.

அவருடைய உண்மையான பற்று புத்தகம்கூட அல்ல, நிலம். 1811இல் ட்வீட் நதிக்கரையில் சுமார் 110 ஏக்கர் உள்ள ஒரு சிறு பண்ணையை வாங்கி அதற்கு அபட்ஸ்ஃபோர்டு என்று பெயரிட்டார். அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அக்கம்பக்கத்து நிலங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பண்ணைவீடு இருந்த இடத்தில் மத்தியகாலக் கோட்டையின் சாயலில் மாளிகை எழும்பியது. பழைய ஆயுதங்களும் நூலகமும் அதை நிறைத்தன. இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து? தலைப்புக்கூட வைக்காத, இனிமேல்தான் எழுதவேண்டிய நாவல்களுக்குக்கூட பதிப்பாளர் கான்ஸ்டபிள் முன்கூட்டியே உண்டியல் எழுதிக் கொடுத்தார். நியாயமான உண்டியலுக்குப் பின்னால் ஒரு சரக்கு இருக்கும். சரக்குக் கைமாறாமலே, ஒருவருக்கொருவர் உபகாரமாகக் கையெழுத்திட்டு, அதை வங்கியில் வட்டத்துக்கு மாற்றிப் பணம் பெறுவது இன்னொரு வகை. கெடு வந்ததும் பழைய உண்டியலை அடைக்கப் புது உண்டியல் எழுதப்படும். கான்ஸ்டபிளும் பாலன்டைனும் இந்த வகையில் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1826 ஜனவரியில் லண்டனில் ஹர்ஸ்ட் ராபின்சன் என்ற நிறுவனம் சாய்ந்தது. அதோடு கான்ஸ்டபிள் சாய்ந்தார், பாலன்டைன் சாய்ந்தார். ஸ்காட்டின் தலையில் விழுந்த கடன் ஏறக்குறைய 1,20,000 பவுன்.

இதற்குப் பிறகு நடந்ததைத்தான் எல்லோரும் கொண்டாடுகிறார்கள். திவால் கொடுக்காமல், தன் எழுத்து முழுவதையும் கடன் கொடுத்தவர்களின் பேரில் ஒரு பொறுப்பாண்மைக்குக் கீழே வைத்தார். ஒன்பது தொகுதிகளில் நெப்போலியன் வரலாறு 1827இல் வந்தது. பக்கவாதம் தாக்கிய பிறகும் எழுதினார். 1832 செப்டம்பரில் இறந்தார். மிச்சக் கடன், பதிப்புரிமையின் பலத்தில், 1847இல் அடைந்தது. இதில் ஒரு மகத்துவம் இருக்கிறது. நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தர்மத்தைப் பற்றிய கேள்வி 1826க்கு முன்னால் இருக்கிறது. 1825இல் மூத்த மகனின் கல்யாணத்தின்போது ஸ்காட் அபட்ஸ்ஃபோர்டை அவன் பேரில் எழுதிவைத்தார். சட்டப்படி அதில் குற்றமில்லை. வீழ்ச்சி வருமென்று அவர் அப்போது நினைத்ததாகவும் சொல்ல முடியாது. இருந்தாலும் விளைவைப் பாருங்கள்: அவர் நேசித்த பொருள் கடனின் கைக்கு எட்டாத இடத்தில் இருந்தது. அதற்காக எழுதப்பட்ட உண்டியல்கள் வெளியில் உலாவின. அச்சகத்துக்கு ஸ்காட் கூட்டாளி என்பது தெரியாமலே பலர் அதனோடு வியாபாரம் செய்தார்கள். பற்று ஒருவருடையது, பற்று எழுதப்பட்டது வேறு பலர் பேரில்.

இலக்கியமும் இதில் தப்பவில்லை. தன் ஈடுபாட்டைத் தொழிலின் கடனில் ஒளித்துவைத்தவன், ஒரு நாள் தன் தொழிலின் கடனைத் தன் ஈடுபாட்டிலிருந்து வசூலிக்க வேண்டிவரும். 1826க்குப் பிறகு ஸ்காட் எழுதிய ஒவ்வொரு பக்கத்துக்கும் எழுதும் முன்பே ஒரு சொந்தக்காரர் இருந்தார். 1831இன் கடைசி இரு நாவல்களை நோயுற்ற மூளையின் வேலை என்று மட்டும் விமர்சகர்கள் தள்ளிவைப்பது போதாது. எழுதாமல் இருக்கும் உரிமையை இழந்த ஓர் எழுத்தாளனின் வேலை அது. எழுதாமல் இருக்க முடிவது படைப்புச் சுதந்திரத்தின் ஒரு பகுதி என்பதை நாம் சாதாரணமாக உணர்வதில்லை.

ஸ்காட்டுக்கு நேர் எதிரான மனிதர் லெனார்ட் உல்ஃப். 1904 முதல் 1911 வரை இலங்கையில் சிவில் சர்வீஸ் அதிகாரி. முதலில் யாழ்ப்பாணத்தில் வேலை பார்த்தவர். அவரும் வர்ஜீனியா உல்ஃபும் 1917இல் 19 பவுன் 5 ஷில்லிங் 5 பென்ஸ் கொடுத்து ஒரு கையச்சு இயந்திரமும் எழுத்துகளும் வாங்கி, ரிச்மண்டில் தங்கள் வீட்டுச் சாப்பாட்டு அறையில் வைத்தார்கள். ஆளுக்கொரு கதையாக இரண்டு கதைகளைத் தாங்களே கோத்து, அச்சடித்து, தைத்து விற்றார்கள். சுமார் 150 பிரதிகளில் 134 விற்றன. லாபம் 7 பவுன் 1 ஷில்லிங். இத்தனை காலம் கழித்து நாம் இந்த எண்களைச் சொல்ல முடிவதே, அவர் தன் சுயசரிதையில் அவற்றை எழுதிவைத்ததால்தான். சரித்திரத்தில் இடம்பெறப்போகும் ஓர் இலக்கியச் செயலின் முதல் பக்கத்திலேயே மனிதர் அடக்கவிலை போட்டிருக்கிறார்.

அந்த 7 பவுன் 1 ஷில்லிங் உண்மையான லாபம் இல்லை. இருவரின் உழைப்புக்குக் கூலி கிடையாது, அறைக்கு வாடகை கிடையாது. ஆனால் அந்தக் கூலியை விட்டுக்கொடுத்தவர்கள் அவர்களே. அவர்கள் பற்று, அவர்கள் பிற்பகல்கள், அவர்கள் சாப்பாட்டு மேஜை. எலியட்டின் கவிதைகளை 1919இலும் ‘பாழ்நிலம்’ நெடுங்கவிதையை 1923இலும் அவர்களால் போட முடிந்தது இதனால்தான். விற்காத புத்தகம் யாரையும் கடனாளியாக்கவில்லை. பெரிய பதிப்பகங்கள் இணைத்துக்கொள்ள முன்வந்தபோது மறுக்கவும் அவர்களால் முடிந்தது. 1930இல் விட்டா ஸாக்வில்-வெஸ்டின் ‘எட்வர்டியன்ஸ்’ நாவல் அமோகமாக விற்றபோது அந்தப் பணத்தில் வீங்கிப்போகவும் இல்லை.

இத்தோடு நிறுத்தினால் லெனார்ட் உல்ஃப் ஒரு நீதிக்கதை ஆகிவிடுவார். அவர் கணக்கிலும் ஒரு பத்தி விடுபட்டிருந்தது. 1920 முதல் அந்த அச்சகத்துக்கு உதவியாளர்கள் வரத் தொடங்கினார்கள்; படித்த, இலக்கிய ஆசை கொண்ட இளைஞர்கள். சம்பளம் சொற்பம். லெனார்ட் சில நிமிஷத் தாமதத்துக்கும் சில்லறைக் காசு கணக்கில் உதைத்ததற்கும் கடிந்துகொள்வார். ஒருவர் பின் ஒருவராக விலகிப் போனார்கள். பதினாறு வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்த ரிச்சர்ட் கென்னடி, 1972இல் எழுதிய நினைவுக் குறிப்பில் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே படம் போட்டுக் காட்டியிருக்கிறார். கணவனும் மனைவியும் தங்களுக்குக் கூலி போட்டுக்கொள்ளாதது தியாகம். அதே அளவுகோலை வேலைக்கு வந்த பையனுக்கும் பிடித்தபோது அது வேறொன்றாகிவிடுகிறது. இலக்கியத்தின் பக்கத்தில் இருக்கும் பாக்கியமே சம்பளத்தில் ஒரு பகுதி என்று அவனிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லவேண்டிய அவசியமே இல்லை. அந்த இடத்தின் காற்றே அதைச் சொல்லும். பணத்தில் அத்தனை ஜாக்கிரதையாகப் பிரித்தவர், உழைப்பில் பிரிக்கவில்லை. தன் ஈடுபாடு தன்னுடையது, கூலிக்கு வந்தவனுக்கு அது இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், இருந்தாலும் அதைச் சம்பளத்தில் கழிக்கும் உரிமை தனக்கு இல்லை என்பதை அவர் கணக்குப் புத்தகம் அவருக்குக் காட்டவில்லை.

இவ்வளவு கறாராகப் பார்த்தால் அசாதாரணமான காரியம் எதுவும் நடக்காதே என்று கேட்கலாம். நடந்திருக்கிறது. பாரிஸில் 1919இல் ‘ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனி’ என்ற புத்தகக் கடையைத் தொடங்கிய சில்வியா பீச், 1922 பிப்ரவரி 2ஆம் தேதி ஜாய்ஸின் ‘யுலிஸிஸ்’ நாவலை வெளியிட்டார். முதல் பதிப்பு 1000 பிரதிகள். புரூஃபில் எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்த ஜாய்ஸை அனுமதித்தார். ஜாய்ஸ் திருத்தவில்லை, புரூஃபின் ஓரங்களில் நாவலின் கணிசமான பகுதியைப் புதிதாகவே எழுதினார். திஜோன் நகரத்து அச்சகம் கோத்ததைக் கலைத்துத் திரும்பத் திரும்பக் கோத்தது. செலவு ஏறிக்கொண்டே போனது. வியாபார புத்தி உள்ள எவரும் இதை அனுமதித்திருக்க மாட்டார்கள். இந்த நாவல் இன்றிருக்கும் வடிவம் அந்த அனுமதியின் விளைவு. 1934இல் அமெரிக்காவில் ராண்டம் ஹவுஸ் அதை வெளியிட்டபோது பீச்சுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. 1930களில் கடை தடுமாறியபோது ஆந்த்ரே ஜீத் முதலான நண்பர்கள் சந்தா திரட்டித் தூக்கி நிறுத்த வேண்டியிருந்தது. 1941இல் ஜெர்மன் ஆக்கிரமிப்பின்போது கடை மூடப்பட்டது.

வியாபாரக் கண்ணோட்டத்தில் ஸ்காட்டும் பீச்சும் ஒரே தப்பைச் செய்தவர்கள்: இருவரும் ஆசையைக் கடைக்குள் விட்டார்கள். என் பார்வையில் இருவருக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பீச் தன் பெயரில், தன் பலகையின் கீழ், எல்லோரும் அறியச் செலவழித்தார். கடை தொடங்க அவர் தாயார் கொடுத்த பணம் தெரிந்தே கொடுத்தது. ஜீத்தின் நண்பர்கள் போட்ட சந்தா எதற்கென்று அறிந்தே போட்டது. அவருக்கு ஏற்பட்டது நஷ்டம். அவர் யாருக்கும் அநியாயம் செய்யவில்லை. நஷ்டத்தையும் அநியாயத்தையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதுதான் அந்தப் பழைய புத்திமதியின் கோளாறு. நஷ்டப்பட ஒருவனுக்கு உரிமை உண்டு. பிறரை அவர்களுக்குத் தெரியாமல் நஷ்டப்படுத்த உரிமை இல்லை.

நம் பக்கம் வருவோம். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் ‘எழுத்து’வைத் தொடங்கியபோது 2000 பிரதிகளுக்கு மேல் அச்சிடுவதில்லை என்று தனக்குத்தானே எல்லை வகுத்துக்கொண்டார். பத்திரிகை 1970 வரை 119 இதழ்கள் வந்தது. அதன் சுமையைத் தோளில் சுமந்து ஊர் ஊராகப் போனவரும் அவரே. சுந்தர ராமசாமி நாகர்கோவிலில் துணிக்கடை நடத்தியவர். தமிழின் கறாரான நாவல்களில் ஒன்றான ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ 1981இல் வந்தபோதும் துணி வியாபாரிதான். ஒருவர் பற்றையே வாழ்க்கையாக்கிக்கொண்டவர். மற்றவர் பற்றையும் பிழைப்பையும் தனித்தனி இடங்களில் வைத்தவர். இவர்களில் யார் உயர்ந்தவர் என்று நம் வட்டாரத்தில் அடிக்கடி சண்டை நடந்திருக்கிறது. அது அர்த்தமற்ற சண்டை. இரண்டு வழிகளுமே சுத்தமானவை. இரண்டிலும் செலவு தெரிந்த இடத்தில் இருக்கிறது. மாதச் சம்பளக்காரனாக இருந்துகொண்டு இலக்கியம் செய்கிற என் போன்றவனின் வழி மூன்றாவது. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. பிரிவினையை எனக்காக என் வேலைநேரமே செய்துவிடுகிறது.

கவலைக்குரியது நான்காவது வழி. அது நம்மிடையே பெருகிக்கொண்டிருக்கிறது. இலக்கிய ஆர்வத்தால் பதிப்பகம் தொடங்குகிறார் ஒருவர். அது வியாபாரம் என்று அவர் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. சேவை என்பார், இயக்கம் என்பார். எழுத்தாளருக்கு ராயல்டி கணக்குப் போவதில்லை. கணினியில் பக்கம் வடிவமைத்த பெண்ணுக்கு நான்கு மாத பாக்கி. புரூஃப் பார்த்தவருக்குப் புத்தகமாகக் கூலி. புத்தகக் காட்சியில் காலை முதல் இரவு வரை கடையில் நின்ற பையனுக்கு டீயும் இலக்கிய சகவாசமும். கேட்டால், நானே கைக்காசு போட்டுத்தான் நடத்துகிறேன் என்ற பதில் வரும். அது உண்மையாகவும் இருக்கும். தன் கைக்காசைப் போட்டதே மற்றவர் கைக்காசையும் போடவைக்கும் அதிகாரத்தைத் தந்துவிட்டதாக அவர் மனசாரவே நம்புகிறார். பணத்தாசை பிடித்த முதலாளியிடம் கூலி கேட்டுச் சண்டை போடலாம். அவன் குற்றவுணர்வாவது கொள்ளக்கூடும். லட்சியவாதியிடம் கூலி கேட்கிறவன்தான் குற்றவாளி ஆகிறான்.

இதில் எழுதுகிறவர்களாகிய நமக்கும் பங்கு உண்டு. பணம் பற்றிப் பேசுவதை அநாகரிகமாகப் பாவிக்கும் ஒரு மனோபாவத்தை நாம் வளர்த்து வைத்திருக்கிறோம். விற்காததையே தரத்தின் முத்திரையாகக் கொள்கிறோம். நூறு பிரதி விற்ற கவிதைத் தொகுதியின் பின்னால் காகிதக் கடையில் நிற்கும் பாக்கியைப் பற்றி எந்த மதிப்புரையும் பேசுவதில்லை. பேசவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. கவிதையை மதிப்பிட அது அளவுகோல் அல்ல. ஆனால் அந்தப் பாக்கியைக் கவிதை மன்னித்துவிடும் என்று நாம் நினைத்துக்கொண்டிருந்தால், கவிதையைப் பற்றியும் தப்பாகவே நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

எதைச் செய்வது என்று தீர்மானிக்கும்போது பற்றுக்கு முழு உரிமை உண்டு. பற்றில்லாதவன் தொடங்கும் பதிப்பகம் கைடு புத்தகம் போடுவதில்தான் முடியும். எவ்வளவு இழக்கலாம் என்று தீர்மானிப்பதிலும் அதற்கு உரிமை உண்டு, இழப்பது தன்னுடையதாக இருக்கும்வரை. இன்னொருவருக்குத் தரவேண்டியது எவ்வளவு என்ற இடத்தில் அதற்கு வாக்குரிமை இல்லை. அங்கே அது வாயைத் திறக்கக் கூடாது. தனக்குப் பிடித்த புத்தகத்தைப் போட்ட பதிப்பாளர், அதற்கான தொகையைத் தன் பேரில் எழுதி, அதைத் தினமும் பார்க்கும்படி வைத்துக்கொண்டால் போதும். அந்த எண்ணைப் பார்த்த பிறகும் அடுத்த புத்தகத்தைப் போடவேண்டும் என்று அவருக்குத் தோன்றினால், அந்தப் பற்று உண்மையானது. வடிவமைத்த பெண்ணுக்கு மாத முதல் தேதியில் சம்பளம் போயிருக்கும்.